முல்தான் அல்வாவும் காலை நேரச் சர்க்கரையும்

கேள்வி: எனக்கு 46 வயது. ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறேன். அறைத்தோழர்கள் இருவர் பாகிஸ்தானின் முல்தான் நகரத்துக்காரர்கள்; ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் சோஹன் அல்வா கொண்டுவருவார்கள். முளைகட்டிய கோதுமையில் செய்வதால் கெடுதல் இல்லை என்கிறார்கள். இரவு உணவுக்குப் பின் இரண்டு துண்டு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை 165தான் காட்டுகிறது. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 190 இருக்கிறது. ஏன் இப்படி? அல்வா சாப்பிடும் நாளில் மட்டும் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?

மருத்துவர் பதில்: மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது. கிளிமிபிரைடு, அந்த நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தாலும் குறைவாக இருந்தாலும், கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து. அதன் வேலை ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீடிக்கும். அல்வாவுக்காகக் கூட்டிய மாத்திரை, அல்வாவின் சர்க்கரை வடிந்த பிறகும் உடம்பில் இருந்து, தூக்கத்திலேயே தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடும். தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள்.

முளைகட்டிய கோதுமை என்பது உண்மைதான். சோஹன் அல்வாவுக்கு அதை உலர்த்தி அரைத்த மாவைப் பாலோடும் சர்க்கரையோடும் நெய்யோடும் வெகுநேரம் கிளறுகிறார்கள். ஆனால் கோதுமை முளைவிடும்போது அதில் உருவாகும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றத் தொடங்குகின்றன. அதன்மேல் கொட்டும் வெள்ளைச் சர்க்கரை வேறு இருக்கிறது. முளைகட்டிய பயறைப் பச்சையாக உண்பதோடு இதை ஒப்பிட முடியாது.

இனி உங்கள் 165க்கு வருவோம். அந்த அல்வாத் துண்டைச் சற்று நேரம் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். காகிதம் கண்ணாடிபோல் ஆகிவிடும். அவ்வளவு நெய். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும் என்பதால், சர்க்கரையின் ஏற்றம் தள்ளிப்போகிறது. இன்சுலினின் செயலையும் அது சில மணி நேரம் மந்தப்படுத்துகிறது. ஆகவே நீங்கள் கருவியில் பார்த்த நேரத்தில் அல்வாவின் பெரும்பகுதி இன்னும் வயிற்றிலேயே இருந்திருக்கலாம். அது பிறகு இரவில் இறங்கியதும் காலை 190க்கு ஒரு காரணமாக இருக்கலாம். பாகில் ஊறிய ஜிலேபியைத் தனியாகச் சாப்பிட்டால் ஏற்றம் இன்னும் விரைவாகத் தெரியும். அதற்காக ஜிலேபி மேல் என்று எண்ணிவிட வேண்டாம்.

நண்பர்கள் அன்போடு நீட்டுவதை முற்றிலும் மறுக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. தீப்பெட்டி அளவுத் துண்டே ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். அதில் பாதியை, இரவில் அல்லாமல் மதிய உணவோடு, சோற்றையோ ரொட்டியையோ அதற்கேற்பக் குறைத்துக்கொண்டு, எப்போதாவது ஒரு நாள் சாப்பிட்டு, பிறகு கால் மணி நேரம் நடந்தால் போதும். அன்று சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பதோடு, நான்கு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். ரமலான் பெருநாள் காலையில் அவர்கள் தரும் ஷீர் குர்மாவில் பால், சேமியா, சர்க்கரையோடு பேரீச்சையும் சேர்ந்திருப்பதால், ஒரு சிறு கிண்ணத்தை அன்றைய காலை உணவின் பகுதியாகவே கணக்கில் கொள்ளுங்கள்.

இருப்பினும், அல்வா சாப்பிடாத நாட்களிலும் காலை அளவு 130க்கு மேல் நிற்கிறதா என்பதே எனக்கு முக்கியம். நின்றால், குற்றம் அல்வாவினுடையது மட்டுமன்று. மருந்தை மாற்றியமைக்க வேண்டியிருக்கும். இரண்டு வார அளவுகளைக் குறித்துக்கொண்டு, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும் செய்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போகும்போது அந்த நண்பர்களையும் அழைத்துச் செல்லுங்கள். பாகிஸ்தானில் வயதுவந்தோரில் சுமார் 3.3 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021இல் கணித்தது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது.