படிப்பைக் கேட்கும் காது: வாசகர் கேள்வி – பதில்

குழந்தைகளின் வீட்டுப் படிப்பு குறித்து வந்த கடிதங்களில் நான்கிற்கு, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பனியன் கம்பெனியில் வேலை. மகள் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். புத்தகத்தைப் பிரித்தால் பாடத்தைக் கடகடவென்று சொல்கிறாள்; கடையின் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொன்னால் விழிக்கிறாள். எனக்கே சரியாகத் தெரியாதபோது அவளுக்கு நான் எப்படி உதவ முடியும்? – வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லிப் பார்த்தீர்களே, அதிலேயே குறை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்கள் மகள் பாடத்தைப் படிக்கவில்லை, ஒப்பிக்கிறாள். உறுதி செய்துகொள்ள வேண்டுமானால், பக்கத்தில் உள்ள படத்தைக் கையால் மறைத்துவிட்டு, நான்காவது வரியின் நடுவில் இருக்கும் ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டி, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். அவள் முதல் வரிக்குப் போய் அங்கிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தால், வகுப்பில் மற்றவர்கள் சேர்ந்து சொல்வதைக் காதால் பிடித்து மனத்தில் வைத்திருக்கிறாள் என்று பொருள். இதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளைகள்தான் இப்படிச் செய்வார்கள். ஆனால் இதை இந்த ஆண்டே சரிசெய்துவிட வேண்டும், ஏனென்றால் மேல் வகுப்புகளில் அறிவியலையும் சமூக அறிவியலையும் தானே வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

தமிழில் 247 எழுத்துகள் என்று கேட்டவுடன் மலைக்க வேண்டியதில்லை. உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் தெரிந்தால், மற்றவற்றில் பெரும்பாலானவை கால், கொம்பு, சுழி சேர்வதால் வருபவையே. என் அனுபவத்தில் பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, கெ, கே, கை, கொ, கோ போன்றவை: ஒலியில் பின்னால் வரும் உயிர், எழுத்தில் கொம்பாக முன்னால் வந்து நிற்கிறது, ‘கொ’வில் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். இன்னொன்று, உகர, ஊகார வரிசை: கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது, ஒரே விதியாகச் சொல்லித்தர முடியாது, பழகித்தான் ஆக வேண்டும். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு மெய்யெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கல் – கால், படு – பாடு, பெட்டி – பேட்டி, கொடி – கோடி என்று ஒரே ஒரு குறி மாறியதும் பொருளே மாறிவிடும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் பாடம் நடத்த வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இரவில் சமைக்கும்போதோ துணி மடிக்கும்போதோ அவளை அருகில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சொல்லில் நின்றால் உடனே எடுத்துக் கொடுக்காமல், மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுத்திருங்கள். உங்களுக்கும் தெரியாத சொல்லாக இருந்தால், ‘நாளைக்கு டீச்சரிடம் கேட்டு வந்து எனக்குச் சொல்லம்மா’ என்று கூச்சமில்லாமல் சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் அதைக் கேட்கவும் வேண்டும். படித்து முடித்ததும், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்ற ஒரு கேள்வி போதும்.

என்னிடம் படித்த ஒரு மாணவனின் தாய் இட்லிக் கடை வைத்திருந்தார். அவருக்கு எழுத்தே தெரியாது. பொட்டலம் கட்ட வைத்திருக்கும் பழைய செய்தித்தாளில் ஒரு தாளை உருவி மகனிடம் கொடுத்து, ‘இதுல என்ன போட்டிருக்கு?’ என்று தினமும் கேட்பார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது என்பதால் பையனால் மழுப்ப முடியவில்லை. பாதியில் கிழிந்துபோன செய்தியைக் கொண்டுவந்து, மீதி என்னவாக இருக்கும் என்று மறுநாள் என்னிடம் கேட்பான். அந்த ஆண்டு முடிவதற்குள் என் வகுப்பில் தடையில்லாமல் வாசித்தவர்களில் அவனும் ஒருவன். அந்தத் தாயை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அவர்களுடைய கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பித்தார்கள். உங்கள் மகள் இப்போது எந்த நிலையில் இருக்கிறாள் என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். ‘நல்லா படிக்கிறாளா?’ என்று கேட்டால் ‘பரவாயில்லை’ என்ற பதில்தான் வரும்; ‘எந்த எழுத்து வரவில்லை?’ என்று கேட்டால், வீட்டில் எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஆட்டோ ஓட்டுகிறேன். மகன் ஆங்கில வழியில் ஐந்தாம் வகுப்பு. எனக்கு ஆங்கிலம் தெரியாததால் அவன் படிப்பில் தலையிடுவதில்லை. டியூஷனுக்கு அனுப்பலாமா? – வாசகர், விழுப்புரம்

பதில்: டியூஷனைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள். அன்று படித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். ‘எவாப்பரேஷன்’ (ஆவியாதல்) என்று படித்து வந்தால், கொடியில் காயப்போட்ட ஈரத் துண்டு எப்படிக் காய்ந்தது, அதிலிருந்த தண்ணீர் எங்கே போனது என்று கேளுங்கள். தமிழில் அவனால் விளக்க முடிந்தால் பாடம் புரிந்திருக்கிறது, ஆங்கிலச் சொற்களில் மட்டுமே அவனுக்குப் பயிற்சி தேவை. ஆங்கில வாக்கியத்தை அப்படியே ஒப்பித்துவிட்டுத் தமிழில் ஒரு வார்த்தையும் சொல்ல வரவில்லை என்றால், பாடமே புரியவில்லை. அந்த நிலையில் டியூஷனில் இன்னும் பத்து முறை எழுதவைத்தாலும் பயனில்லை. வீட்டு மொழியில் யோசிப்பது ஆங்கிலத்துக்குத் தடை என்று பலர் பயப்படுகிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அப்படி ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை.

கணக்கில் நீங்கள் மகனுக்குக் குறைந்தவர் அல்லர். 368 ரூபாய்க்கு ஒருவர் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் என்ன செய்வீர்கள்? 370க்கு 2, நானூறுக்கு 30, ஐந்நூறுக்கு 100 என்று கூட்டிக்கொண்டே போய் 132 ரூபாயைக் கையில் கொடுத்துவிடுவீர்கள். அதே கணக்கைப் பள்ளியில் கடன் வாங்கிக் கழிக்கிறார்கள். 500இல் இரண்டு பூஜ்ஜியங்கள் இருப்பதால், நூறிடம் கடன் வாங்கிப் பத்துக்கும், பத்திடம் கடன் வாங்கி ஒன்றுக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தவறுவதும் அங்கேதான். முதலில் அவன் முறையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், பிறகு உங்கள் முறையைக் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே விடை வருவதை அவனே பார்க்கட்டும். ‘உன் வழி தப்பு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், மறுநாள் வகுப்பில் அவன் குழம்பிப்போவான்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பையனை இரண்டு மணி நேரம் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லித்தருகிறேன். புதன்கிழமைக்குள் மறந்துவிடுகிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். – வாசகி, தஞ்சாவூர்

பதில்: அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்களுக்கே அதைத் தடை செய்திருக்கிறது. அடிக்குப் பயந்த பிள்ளை விடையைத் தேடமாட்டான், உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மறப்பதற்குக் காரணம் அந்த இரண்டு மணி நேரமே. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து 1885இல் வெளியிட்ட நூலில், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாட்களில் பிரித்துப் படிப்பது மனத்தில் தங்கும் என்று காட்டினார். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். வரிசையாகச் சொல்லவைக்காமல், ‘ஏழெட்டு?’, ‘ஆறொன்பது?’ என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஏழெட்டு தெரியவில்லையென்றால் ஏழேழு நாற்பத்தொன்பதிலிருந்து ஒரு ஏழைக் கூட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: பேரனுக்கு நான் எழுதிக் காட்டும் எழுத்துகளைத் தப்பு என்கிறான். எனக்கு வயது எழுபத்தாறு. ஒதுங்கிக்கொள்வதா? – வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, தயவுசெய்து ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போன்ற வளைவு இருந்தது. ணா, றா, னாவுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. பெரியார் தம் இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்டது. உங்கள் பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பேரனிடம் கொடுத்து, மாறியிருக்கும் எழுத்துகளை வட்டமிடச் சொல்லுங்கள். பயிற்சி ஏட்டில் மட்டும் இப்போதைய வடிவத்தையே எழுதிக் காட்டுங்கள். அந்தக் கடிதத்தை யாருக்கு, எதற்காக எழுதினீர்கள் என்று அவன் நிச்சயம் கேட்பான். அதையும் அவனுக்கு விரிவாகச் சொல்லுங்கள்.