மெல்லிய முடிக்கு டேப்பா, கிளிப்பா?

மெல்லிய முடி, போன முறை ஒட்டுமுடியைக் கெரட்டின் பசை வைத்து ஒட்டியதில் நெற்றியோரம் முடி போய்விட்டது, இப்போது டேப் எக்ஸ்டென்ஷன் (டேப்பால் ஒட்டும் ஒட்டுமுடி) வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நெற்றியோரம் முடி போனதற்குப் பசையைவிட இழுவைதான் காரணமாக இருக்கும். ஒரே இடத்தில் இடைவிடாமல் பாரம் தொங்கினால் முடியின் வேர் நலிந்துவிடும். ட்ராக்‌ஷன் அலோபீஷியா என்பார்கள். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் திரும்ப வளரும், வருடக்கணக்கில் தொடர்ந்தால் வளராமலே போகலாம். முதலில் அந்த இடம் நிரம்பட்டும். இன்னும் கொட்டினால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அதுவரை விசேஷ நாட்களுக்கு மட்டும் கிளிப்பில் மாட்டும் ஒட்டுமுடி போதும். இரவில் கழற்றிவிடலாம் என்பதே அதன் பெரிய லாபம். செட்டில் உள்ள எல்லாவற்றையும் மாட்டியே ஆக வேண்டும் என்றில்லை. எடை குறைவானதாக, சிலிக்கான் பட்டை வைத்ததாகப் பாருங்கள். நெற்றி, காதோரம் பக்கம் போகவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றிக் குத்துங்கள்.

அப்புறம் டேப்தான் வேண்டுமென்றால், 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றி மேலே ஏற்றி ஒட்ட வேண்டும். வேரில் எண்ணெய் பட்டால் பிடி விட்டுவிடும். கழற்றும்போது முடி கொத்தாக வரும், பயப்படாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. டேப்பில் சிக்கி நின்றதெல்லாம் அன்று மொத்தமாக வருகிறது. ஆனால் வைத்த அன்றே தலை வலித்தால், "பழகிவிடும்" என்று சலூனில் சொல்வதைக் கேட்காமல் உடனே கழற்றச் சொல்லுங்கள்.