கார்டு பிடிக்கும் காதும் மேலே ஏற மறுக்கும் குரலும்: கேள்வி பதில்

வீட்டில் கீபோர்டும் வாய்ப்பாட்டும் சொல்லித் தருகிறேன். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதி கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பற்றி, பாதி தொண்டை பற்றி.

கேள்வி: பாட்டைக் கேட்டதும் கார்டு சொல்கிறார்களே, எங்கே தொடங்குவது?

பதில்: கையிலிருந்து அல்ல, வாயிலிருந்து. பாட்டின் அடியில் ஓடும் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை மட்டும் முணுமுணுங்கள். அந்தச் சுரம் பெரும்பாலும் கார்டின் பெயரைச் சொல்லிவிடும். அடுத்தது மேஜரா மைனரா. கீபோர்டில் 1 கட்டையையும் (சி) 5 கட்டையையும் (ஜி) சேர்த்து அழுத்திப் பாருங்கள். இதுவா அதுவா என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவில் 3 கட்டை சேர்ந்தால் சி மேஜர். அதற்குப் பதில் 2½ கறுப்புக்கட்டை சேர்ந்தால் சி மைனர். நம் கர்நாடக இசைக் கணக்கில் அந்தர காந்தாரமா (மேஜர்), சாதாரண காந்தாரமா (மைனர்) என்பதுதான் விஷயம். கார்டு ஒலிக்கும்போது அந்தக் காந்தாரத்தை நீங்களே பாடிப் பாருங்கள், எது ஒட்டுகிறது என்று தெரியும். சோகப் பாட்டென்றால் மைனர் என்று மட்டும் ஊகிக்காதீர்கள். நான் இரண்டு வருடம் அப்படி வாசித்து அசடு வழிந்திருக்கிறேன்.

கேள்வி: சி மேஜரும் ஏ மைனரும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன.

பதில்: காதில் குறையில்லை. மூன்றில் இரண்டு சுரம் இரண்டுக்கும் பொது. 1 கட்டை சுருதியில் பஞ்சமம் (ஜி) இருந்தால் சி மேஜர், தைவதம் (ஏ) இருந்தால் ஏ மைனர். பேஸைக் கேளுங்கள்.

கேள்வி: மோகன ராகப் பாட்டுக்கு என்ன கார்டு?

பதில்: 1 கட்டை சுருதியில் ராகத்தின் சுரங்களை மட்டும் வைத்து முழுசாகக் கட்டக்கூடிய மேஜர், மைனர் கார்டுகள் சி மேஜரும் ஏ மைனரும்தான். எஃப் மேஜருக்கு மத்திமம் வேண்டும், ஜி மேஜருக்கு நிஷாதம் வேண்டும்; மோகனத்தில் இரண்டும் இல்லை. சினிமாவில் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதனால் ராகம் கெட்டதா என்பது தனிச் சண்டை.

கேள்வி: 5½ கட்டையை ஆதார சுருதியாக வைத்துப் பாடுகிறேன். மேல் காந்தாரம் தாண்டினாலே தொண்டை இறுகுகிறது. எல்லையை எப்படி விரிப்பது?

பதில்: முதலில் 5 கட்டைக்கு இறங்குங்கள், மானம் போகாது. சுரம் ஏற ஏறக் குரல்நாண் நீண்டு மெலிய வேண்டும். நாமோ சத்தத்தைக் கூட்டி அதைத் தடித்தபடியே தள்ளுகிறோம், அதுதான் இறுக்கம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை முக்கி, ஊதிக்கொண்டே 'ஊ' என்று கீழிருந்து மேலே வழுக்குங்கள். குமிழி சீராக வரவேண்டும். எங்கே திக்குகிறதோ அங்கேதான் நீங்கள் முட்டுகிறீர்கள். ஐந்து நிமிடம் போதும். அப்புறம் மேல் ஸ்தாயி வரிசையை அகாரத்தில் ('ஆ' என்று மட்டும்), மெல்லிய குரலில் பாடுங்கள். நிதானமாக நின்று பாட முடிந்தால்தான் அந்தச் சுரம் உங்களுடையது. எட்டித் தொட்டது கணக்கில்லை. அரைக் கட்டை கூடவே சில மாதம் ஆகலாம்.

கேள்வி: சுக்குக் கஷாயம் குடித்தால் குரல் ஏறுமா?

பதில்: ஏறாது. விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகிறது, குரல்நாணைத் தொடுவதில்லை. இதமாக இருந்தால் குடியுங்கள்.

கேள்வி: 13 வயது மகனுக்கு மகரக்கட்டு, பருவ வயதில் குரல் உடைகிறது. பாட்டை நிறுத்தவா?

பதில்: வேண்டாம். பழைய சுருதியைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வலிக்காமல் வரும் நாலைந்து சுரத்துக்குள் பாடட்டும், மீதி நேரம் கார்டு பிடிக்கட்டும். ஆனால் தொண்டை வலித்தாலோ, கரகரப்போடு குரலே எழும்பாமல் மூன்று வாரம் போனாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.