கம்ப்யூட்டர் சொன்ன தோஷம்

கேள்வி: என் மகளுக்கு 31 வயது. பொறியியல் படித்து கோவையில் வேலை பார்க்கிறாள். மூல நட்சத்திரம், செவ்வாய் தோஷம். 6 வருடத்தில் 11 வரன் தட்டிப்போய்விட்டது. கையால் எழுதிய ஜாதகத்தில் பிழை இருக்குமோ என்று கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தேன். அதுவும் அதையே சொல்கிறது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதே! பரிகாரத்துக்கு 40,000 ரூபாய் ஆகுமாம். கடன் வாங்கியாவது செய்துவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: கடன் வாங்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்கிறீர்கள். சரி, அது எதைச் சொன்னது என்று பார்ப்போம். உங்கள் மகள் பிறந்த நேரத்தில் சந்திரன் எங்கே, செவ்வாய் எங்கே என்று கணக்குப் போட்டது. அதோடு அதன் வேலை முடிந்தது. ‘மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது’ என்பது எந்தக் கணக்கிலும் வருகிற விடை கிடையாது. யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த வரியைத் தட்டச்சு செய்து உள்ளே வைத்திருக்கிறார். நட்சத்திரம் மூலம் என்று வந்தால் இதை அச்சிடு என்று கட்டளை எழுதியிருக்கிறார். தெருமுனை ஜோசியர் வாயால் சொன்னதையே இப்போது பிரின்டர் தாளில் தருகிறது. தாளில் வந்ததால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. எனக்குக் கோபம் அதில்தான்.

கணக்கிலாவது ஒரே விடை உண்டா என்றால், அதுவும் இல்லை. 2023-இல் சனிப்பெயர்ச்சி எப்போது நடந்தது? இன்றைய வானியல் கணக்கை ஒட்டிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17. திருநள்ளாறு கோயில் பின்பற்றும், பழைய சூத்திரங்களின்படி கணிக்கிற வாக்கிய பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. வானத்தில் சனி ஒன்றுதான், பஞ்சாங்கத்தில் 11 மாத வித்தியாசம். எந்தப் பஞ்சாங்கத்தை நாம் கொடுக்கிறோமோ அதன்படி கம்ப்யூட்டர் கணக்குப் போடும். எது சரி என்று அதற்குத் தெரியாது.

இனி செவ்வாய் தோஷம். லக்னத்திலிருந்து, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசியிலிருந்து, 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டு கட்டத்தில் ஐந்து. செவ்வாய் ஒரு ராசியில் வாரக்கணக்கில் தங்கும். ஆனால் லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி, ஒரே நாளில் பன்னிரண்டையும் சுற்றி வந்துவிடும். அப்படியானால் எந்த நாளை எடுத்தாலும் சுமார் பத்து மணி நேரத்தில் பிறக்கிற அத்தனை குழந்தைகளுக்கும் செவ்வாய் தோஷம்! சிலர் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும்கூட எண்ணுகிறார்கள். மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு எண்பது பேர் ஏதாவது ஒரு வழியில் மாட்டுகிறார்கள். ஊரில் பெரும்பாலோருக்கு இருக்கிற ஒன்றை எப்படிக் குறை என்று சொல்வது? அப்புறம் அதற்கு விதிவிலக்குகள் என்று ஒரு நீண்ட பட்டியல். யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்வது மனிதர்கள்தான்.

மூலம் மாமனாருக்கு, ஆயில்யம் மாமியாருக்கு, கேட்டை மூத்தாருக்கு, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது என்பார்கள். இருபத்தேழில் நான்கு. ஏறக்குறைய ஏழு பெண்களில் ஒருத்தி, பிறந்த அன்றே இன்னொரு வீட்டுக்குக் கேடு என்று முத்திரை குத்தப்படுகிறாள். பையனுக்கு இப்படி எதுவும் கிடையாது. ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்பதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒரே நட்சத்திரம், ஒரே பாகை. பிறந்தது பெண் என்பதைத் தவிர வேறு என்ன மாறிவிட்டது?

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். என் உறவிலேயே பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு இதே தோஷம். ஒரே பிள்ளை, டவுனில் இரண்டு வீடு. மூன்றாவது வரனிலேயே முடிந்துவிட்டது. ஜோசியரே ‘தோஷ நிவர்த்தி ஆகிவிட்டது’ என்றார். இன்னொரு பெண், ரேஷன் கடை எடையாளரின் மகள், சுத்த ஜாதகம். அவளுக்கு ‘ரஜ்ஜு தட்டுகிறது’ என்று, அதாவது நட்சத்திரப் பொருத்தங்களில் ஒன்று சேரவில்லை என்று, நான்கு இடத்தில் பதில் வந்தது. வரதட்சணை கேட்பது 1961-இலிருந்தே குற்றம். ‘நகை போதாது’ என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் வாய் வராது. ‘ஜாதகம் சேரவில்லை’ என்றால் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இல்லை. உங்கள் 11 வரனில் எத்தனை உண்மையில் ஜாதகத்தால் போனது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நான் கோயிலுக்குப் போகிறவன், பிரதோஷம் தவறுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன். திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் மதுரைக்குக் கிளம்பியபோது நாளும் கோளும் சரியில்லை என்று அப்பரே தடுத்தார். ஈசன் உள்ளத்தில் இருக்கும்போது கோள்கள் என்ன செய்யும் என்று கோளறு பதிகம் பாடிவிட்டு அந்தப் பிள்ளை கிளம்பிப் போனது. சனிக்கும் செவ்வாய்க்கும் பயந்து 40,000 ரூபாய் கடன் வாங்குவது அந்தப் பதிகத்தை நம்புகிறவர் செய்கிற காரியமா? மனசு கேட்கவில்லை என்றால் உள்ளூர் சிவன் கோயிலில் ஒரு நெய்விளக்கு ஏற்றுங்கள், போதும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் கதையும் உண்டு. 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டம் கொண்டுவந்தார். அப்படி மணந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பார்கள். தேடிப்போய்ப் பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நட்சத்திரம் இருக்கிறது, தோஷம் இருக்கிறது, பரிகாரச் செலவு இருக்கிறது. மகள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. வந்த பதினொரு பேரில் அவளுக்கு யாரையாவது பிடித்திருந்ததா? வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாளா? இப்போது கல்யாணம் வேண்டும் என்கிறாளா? இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்கு வரும்போது கேளுங்கள். அவள் சொன்னதை எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.