எல்லா மேட்டையும் பிளேனிலேயே போடலாமா?

வணக்கம் சார்,

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பேஸ் பிரேம் மேல் பம்பும் மோட்டாரும் உட்காரும் அசெம்பிளியை சாலிட்ஒர்க்ஸ் என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேரில் செய்தேன். பிரேம் ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டை அழித்துத் திரும்ப வரைந்தேன், அவ்வளவுதான், பார்ட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தும் மேட்களில் பாதி எரர் காட்டிச் சிவப்பாகிவிட்டது. ஃபேஸையே (பார்ட்டின் மேற்பரப்பை) தொடாதே, எல்லாவற்றையும் பிளேனில் (கற்பனைத் தளத்தில்) கட்டு என்கிறார் சீனியர். சரிதானா?

ஒரு வாசகர்

வணக்கம்.

பாதி சரி. ஒவ்வொரு ஃபேஸுக்கும் சாஃப்ட்வேர் உள்ளுக்குள் ஓர் அடையாளம் வைத்திருக்கிறது, மேட் பிடித்துக்கொள்வது அதைத்தான். ஃபேஸ் பிறந்த கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் அதே அளவில் வரைந்தாலும் வருவது வேறு ஃபேஸ். ஃப்ரண்ட், டாப், ரைட் என்ற மூன்று பிளேன்களும் பார்ட்டோடு பிறந்தவை, அழிக்கவே முடியாது, அதனால் ஸ்கெட்ச்சை என்ன செய்தாலும் அவற்றில் போட்ட மேட் நிற்கும். மூன்று பிளேனைப் பொருத்தினால் பார்ட் அசையவும் அசையாது: ஆறு வகை அசைவில் (மூன்று நகர்வு, மூன்று சுழற்சி) முதல் மேட் மூன்றை நிறுத்தும், அடுத்தது இரண்டை, கடைசி மேட் மிச்சமிருக்கும் ஒன்றை.

ஆனால் பிளேனுக்கு இரும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. உங்கள் மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐஇசி (சர்வதேச மின் தரநிலை) 90 ஃப்ரேம் என்றால் பாதத்திலிருந்து ஷாஃப்ட் மையம் 90 மிமீ. கஸ்டமர் பெரிய மோட்டார் கேட்டு 100 ஃப்ரேமுக்கு மாறுகிறீர்கள். ஷாஃப்ட் மைய பிளேனில் கட்டியிருந்தால் இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் அழகாக நேரில் நிற்கும், பாதம் மட்டும் 10 மிமீ பிரேமுக்குள் புதைந்திருக்கும், ட்ரீயில் (திரையோரப் பார்ட், மேட் பட்டியலில்) ஒரு சிவப்பும் இராது. டிராயிங் அப்படியே ஷாப்புக்குப் போய்விடும்! பாத ஃபேஸையும் சேர்த்து மேட் செய்திருந்தால் இரண்டும் ஒத்துவராமல் எரர் அடித்திருக்கும், அந்தச் சிவப்பு நல்ல சிவப்பு.

அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான், நிஜத்தில் இந்தப் பார்ட்டை எது நிறுத்துகிறது? ஹவுசிங்கில் பேரிங், வாஷர் மேல் போல்ட் தலை, இதெல்லாம் தொட்டு நிற்பவை, ஃபேஸும் கான்சென்ட்ரிக்கும் (மைய அச்சுகளை ஒன்றாக்கும் மேட்) போடுங்கள். டிராஃப்ட் (வார்ப்பிலிருந்து எடுக்க வைக்கும் சாய்வு) கொடுத்த காஸ்டிங்கை நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் பிளேன், சாய்ந்த ஃபேஸை நம்ப முடியாது. பம்பும் மோட்டாரும் ஒரே ஷாஃப்ட் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை, அங்கேயும் பிளேன்தான். பாத உயரத்தை பேட் வைத்துச் சரிக்கட்டிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பார்ட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் இன்டர்ஃபியரன்ஸ் டிடெக்ஷனை ஓடவிடுங்கள்.

அப்புறம், ரைட் பிளேன் பார்ட்டின் நடுவில் போனால்தான் இதெல்லாம் உதவும். முதல் ஸ்கெட்ச்சை ஒரிஜினில் மையப்படுத்தி மிட் பிளேனில் (இரு பக்கமும் சமமாக) எக்ஸ்ட்ரூட் செய்யும் பழக்கம் வேண்டும். சப்ளையர் தரும் ஸ்டெப் ஃபைலில் (வெவ்வேறு சாஃப்ட்வேர்களுக்குப் பொதுவான 3டி ஃபைல்) ஒரிஜின் எங்கே கிடக்கும் என்று சொல்லவே முடியாது, ஷாஃப்ட் மையத்தில் நீங்களே ஒரு பிளேன் போட்டு அதற்குப் பேரும் வையுங்கள்.

இப்போது சிவப்பாக நிற்பவற்றை அழித்துவிடாதீர்கள். ரீப்ளேஸ் மேட் என்டிட்டீஸில் போய் ஃபேஸை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும்.