பிள்ளைகள் எடுக்கும் பாட்டு வீடியோவில் பெரியவர்கள் எவ்வளவு தலையிடலாம்?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஐந்தாறு பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டு கட்டி வீடியோ எடுக்கிறார்கள், எப்படி உதவுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், வரிகளில் கை வைக்காதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பேச்சில் தமிழோடு மலையாளமும் வரும். பாட்டிலும் வரட்டும். திருத்தினால் அது உங்கள் பாட்டாகிவிடும்.

சொல்லித்தர வேண்டியது ஒலி விஷயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று போன் மைக்கில் வெறும் இரைச்சலாகத்தான் விழும். அதனால் மெத்தையும் போர்வையும் உள்ள அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாட்டை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். துணி எதிரொலியைக் குறைக்கும். பதிவின் தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல் இருக்கட்டும். அப்புறம் பனைமரத்தடியில் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, பிள்ளைகள் கூடவே பாட, படம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே ஓடவிட வேண்டும். எடிட்டிங்கில் பதிவில் உள்ள தட்டலையும், ஸ்பீக்கரிலிருந்து வீடியோவில் விழுந்த தட்டலையும் பொருத்தினால் வாயசைவு சேர்ந்துவிடும்.

கூச்சப்படும் பிள்ளையை காமிரா முன் தள்ளாதீர்கள். என் அக்கா மகள் நடிக்கவே மாட்டேன் என்றாள். ஸ்பீக்கரைக் கையில் கொடுத்தோம். இரண்டாவது தடவை ஓடும்போது, அதை மார்போடு அணைத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் முழுப் பாட்டையும் பாடிக்கொண்டிருந்தாள்.

யூடியூபில் போடுவதற்கு முன் எல்லாப் பெற்றோரிடமும் கேளுங்கள். ‘குழந்தைகளுக்கானது’ என்று குறித்தால் கருத்துப் பகுதி மூடிவிடும். பள்ளிச் சீருடையில் மட்டும் எடுக்க வேண்டாம், எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும்.