உலகின் தலைசிறந்த கால்பந்து கோச் யார்? கேள்வி பதில்

யார் பெரிய கோச் என்று பேச்சு எழுந்தாலே பலரும் கோப்பைகளை எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் பார்ப்பது வேறு. கையில் கிடைத்த அணி எந்த நிலையில் இருந்தது, அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார், ஆட்கள் மாறிய பிறகும் அதையே மறுபடி செய்துகாட்டினாரா? நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

அலெக்ஸ் ஃபெர்குசன்.

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் பணக்கார கிளப். வேண்டிய ஆட்களை வாங்கிப் போட்டு ஜெயித்தவரை எப்படி முதலிடத்தில் வைக்கிறீர்கள்?

மான்செஸ்டரை ஒரு நிமிடம் மறந்துவிட்டு அபர்தீனைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கும் ஊர். அந்த நாட்டு லீக் என்றாலே கிளாஸ்கோ நகரத்தின் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டும்தான். 1978-இல் அபர்தீனுக்குப் போன ஃபெர்குசன் 1980, 1984, 1985 என்று மூன்று முறை லீக் பட்டம் வாங்கித் தந்தார். அதன் பிறகு 2025 வரை, நாற்பது வருடங்களில், அந்த இரண்டு கிளாஸ்கோ அணிகளைத் தவிர வேறு யாரும் அந்தப் பட்டத்தைத் தொடவில்லை.

1983-இல் ஐரோப்பியக் கப் வின்னர்ஸ் கப், அதாவது அந்தந்த நாட்டின் கோப்பைப் போட்டியில் ஜெயித்த அணிகள் மோதும் தொடர். கால் இறுதியில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக். சொந்த மைதானத்தில் அபர்தீன் 1-2 என்று பின்தங்கியிருக்கிறது, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. ஒரு ஃப்ரீ கிக். அபர்தீனின் ஸ்ட்ராகனும் மெக்மாஸ்டரும் ஒரே சமயத்தில் பந்தை நோக்கி ஓடிவந்து, இடித்துக்கொள்வது போல நின்று, ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள். பேயர்ன் ஆட்கள் அசந்த அந்த நொடியில் ஸ்ட்ராகன் சட்டென்று திரும்பிப் பந்தை உள்ளே தூக்கிப் போட, மெக்லீஷ் தலையால் முட்டி கோல். குழப்பம் முழுக்க ஒத்திகை பார்த்த நாடகம். அவர்கள் சுதாரிப்பதற்குள் ஹியூவிட் அடுத்த கோலைப் போட்டு 3-2.

மே 11, கோதன்பர்க்கில் கொட்டும் மழையில் ஃபைனல், எதிரே ரியல் மாட்ரிட். கூடுதல் நேரத்தில் அதே ஹியூவிட் அடித்த கோலில் 2-1 வெற்றி. முதல் பதினொரு பேரும் ஸ்காட்லாந்துக்காரர்கள். (மிட்ஃபீல்டில் ஆடிய நீல் கூப்பர் பிறந்தது நம் டார்ஜிலிங்கில் என்பது எனக்குப் பிடித்த தகவல்.) செல்டிக்கின் பழைய மேனேஜர் ஜாக் ஸ்டீன் அன்று கூடவே போயிருந்தார். மாட்ரிட் கோச் டி ஸ்டெஃபானோவுக்கு நல்ல விஸ்கி பாட்டில் ஒன்றைப் பரிசாகக் கொடு, இந்தச் சின்ன ஊர்க்காரர்கள் ஃபைனலுக்கு வந்ததே போதுமென்று இருக்கிறார்கள் என அவர் நினைக்கட்டும் என்று யோசனை சொன்னவர் ஸ்டீன்தான். ஃபெர்குசன் அப்படியே செய்தார்.

இதில் பணம் எங்கே இருக்கிறது?

கேள்வி: சரி சார், யுனைடெட்டில் அப்படி என்ன செய்தார்?

திரும்பத் திரும்பக் கலைத்துக் கட்டினார். 1986 நவம்பரில் வந்தவருக்கு முதல் கோப்பை கிடைத்ததே 1990-இல்தான். லீக் பட்டம் 1993-இல், கிளப்புக்கு 26 வருடங்கள் கழித்து. 1995-இல் இன்ஸ், ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூவரையும் அனுப்பிவிட்டு பெக்காம், ஸ்கோல்ஸ், நெவில் சகோதரர்கள், பட் என்று கிளப்பில் வளர்ந்த பையன்களை இறக்கினார். முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 தோல்வி. சிறுவர்களை வைத்து எதையும் ஜெயிக்க முடியாது என்று முன்னாள் லிவர்பூல் ஆட்டக்காரர் ஆலன் ஹான்சன் டிவியில் சொன்னது அன்றுதான். அந்த சீசன் முடிவில் லீக், இங்கிலாந்தின் நாக்-அவுட் கோப்பையான எஃப்.ஏ. கப் இரண்டும் அந்தப் பையன்களிடம் இருந்தன.

1999-இல் லீக், எஃப்.ஏ. கப், ஐரோப்பாவின் சிறந்த கிளப்புக்கான சாம்பியன்ஸ் லீக் என ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகள். 2008-இல் ரொனால்டோ, ரூனி, டெவெஸ் என்று முற்றிலும் வேறு முன்வரிசையுடன் மறுபடி சாம்பியன்ஸ் லீக். மொத்தம் 13 பிரீமியர் லீக் பட்டங்கள். 2013-இல் சாம்பியனாகவே விடைபெற்றார். அடுத்த சீசன், ஏறக்குறைய அதே ஆட்களோடு, அந்த அணி முடித்த இடம் ஏழு.

கேள்வி: பெப் கார்டியோலாவை எப்படி விட்டீர்கள்? இன்று உலகமே ஆடுவது அவர் ஆட்டம்தானே?

விடவே இல்லை. இரண்டாவது இடம் அவருக்கு. இரண்டு வெவ்வேறு கிளப்புகளில், 2009-இல் பார்சிலோனாவிலும் 2023-இல் மான்செஸ்டர் சிட்டியிலும், ஒரே சீசனில் மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றவர். சிட்டியோடு 2017-18 லீக் சீசனில் 100 புள்ளிகள். 2009 மே மாதம் ரியல் மாட்ரிட்டின் மைதானத்திலேயே பார்சிலோனாவுக்கு 6-2 வெற்றி. அன்று மெஸ்ஸியை ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து, ஸ்ட்ரைக்கர் நிற்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டுப் பின்னால் இறங்கி ஆடச் சொன்னார். மெஸ்ஸியைத் துரத்தி முன்னே போவதா, இருந்த இடத்திலேயே நிற்பதா என்று மாட்ரிட் டிஃபெண்டர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை.

பார்சிலோனா அவருக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்ட அணி என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். பொறுப்பேற்ற கையோடு ரொனால்டீன்யோவையும் டெகோவையும் அனுப்பிவிட்டு, இரண்டாம் அணியிலிருந்து புஸ்கெட்ஸையும் பெட்ரோவையும் தூக்கிவந்த துணிச்சல் அவருடையது. ஆனாலும் பார்சிலோனா, பேயர்ன், சிட்டி மூன்றுமே வசதியான வீடுகள். அவருக்கென்று ஓர் அபர்தீன் இல்லை. என் கணக்கில் வித்தியாசம் அவ்வளவுதான்.

கேள்வி: ஃபிஃபா 1999-இல் நூற்றாண்டின் சிறந்த கோச் என்று தேர்ந்தெடுத்தது ரினுஸ் மிக்கேல்ஸை. அது தவறா?

தவறில்லை. சிந்தனைக்காகப் பரிசு கொடுப்பதென்றால் நானும் அவருக்கே கொடுப்பேன். நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்பில் அவர் வளர்த்த க்ரூய்ஃப் பின்னாளில் பார்சிலோனாவின் கோச் ஆனார், க்ரூய்ஃபிடம் ஆடியவர் கார்டியோலா. மூன்று தலைமுறை. நெதர்லாந்து கோச்சாக 1974 உலகக் கோப்பை ஃபைனலில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்ற அதே மியூனிக் ஸ்டேடியத்தில், 1988-இல் நெதர்லாந்துக்கு யூரோ கோப்பையை வாங்கித் தந்தார்.

கேள்வி: அன்செலோட்டி? ஐந்து சாம்பியன்ஸ் லீக்!

கோச்சாக வேறு யாருக்கும் ஐந்து இல்லை. இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ் என ஐந்து பெரிய லீக்குகளிலும் பட்டம் வென்றவரும் அவர் ஒருவர்தான். நட்சத்திரங்கள் நிறைந்த டிரெஸ்ஸிங் ரூமைச் சண்டையில்லாமல் நடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அணியை எழுப்பும் வேலை அவருக்கு அதிகம் வாய்க்கவில்லை. முதல் ஐந்துக்குள் வைப்பேன்.

கேள்வி: பெரிய ஆட்டக்காரராக இருந்திருந்தால்தான் பெரிய கோச் ஆக முடியுமா?

அர்ரிகோ சாக்கி ஷூ வியாபாரம் செய்துகொண்டிருந்தவர். தொழில்முறை ஆட்டமே ஆடியதில்லை. அதைக் குத்திக்காட்டிய பத்திரிகைக்காரர்களிடம், குதிரை ஓட்டுபவன் முதலில் குதிரையாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதே என்றார். 1989, 1990 இரண்டு வருடமும் ஏ.சி. மிலானுக்கு ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வாங்கித் தந்தார்.

பயிற்சியில் அவர் ஒரு பந்தயம் வைப்பாராம். ஒரு பக்கம் கோல்கீப்பரும் நான்கு டிஃபெண்டர்களும் மட்டும். எதிரே குல்லிட், வான் பாஸ்டன் உட்படப் பத்துப் பேர். கால் மணி நேரத்துக்குள் ஒரு கோல் போடுங்கள் பார்க்கலாம் என்பார். பந்தை இழந்தால் தங்கள் பாதியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. அவர்களால் ஒருமுறைகூடப் போட முடியவில்லை என்று சாக்கியே சொல்லியிருக்கிறார். சேர்ந்து நகரத் தெரிந்த ஐந்து பேர், தனித்தனியாக ஓடும் பத்துப் பேரை நிறுத்திவிடுவார்கள் என்று நட்சத்திரங்களுக்கே காட்டிய பாடம் அது.

கேள்வி: பிரையன் க்ளஃபை யாருமே சொல்வதில்லை. ஏன்?

அவர் பெயரை விட்டால் இந்தப் பேச்சே முழுமையாகாது. 1975 ஜனவரியில் அவர் வந்தபோது நாட்டிங்காம் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. 1977-இல் மேலே ஏறினார்கள். 1978-இல் லீக் சாம்பியன். 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை. உடன் துணை கோச் பீட்டர் டெய்லர், ஆட்களைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு கண்.

ஜான் ராபர்ட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். எடை கூடிப்போய், கிளப் விற்கத் தயாராக இருந்த ஆள். அவரை இடது ஓரத்தில் நிறுத்தி நம்பினார்கள். 1979 ஃபைனலில் ட்ரெவர் ஃபிரான்சிஸின் ஒரே கோலுக்குப் பந்து கொடுத்தவர் ராபர்ட்சன், 1980 ஃபைனலில் ஒரே கோலை அடித்தவரும் அவரே. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் டெய்லர் போன பிறகு அந்த உயரத்தை க்ளஃப் மறுபடி எட்டவில்லை. அதனால்தான் மூன்றாவது இடம்.

கேள்வி: மொரின்யோ?

2004-இல் போர்ட்டோவோடு, 2010-இல் இன்டர் மிலானோடு சாம்பியன்ஸ் லீக் வென்றது பெரிய சாதனை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் மூன்றாவது வருடத்துக்குள் டிரெஸ்ஸிங் ரூம் கசந்துபோனது. முதல் பத்தில் உண்டு.

கேள்வி: இந்தியாவில் அப்படி ஒருவர் இருந்தாரா, அண்ணா?

இருந்தார், ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951, 1962 ஆசியப் போட்டிகளில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம். 1962 ஜகார்த்தா ஃபைனலில் தென் கொரியாவை 2-1 என்று வென்றோம். தலையில் அடிபட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை ஃபார்வர்டாக ஆட விட்டார் ரஹீம், ஒரு கோல் ஜர்னைலுடையது. அப்போதே ரஹீமுக்குப் புற்றுநோய். அடுத்த வருடம் காலமானார். இன்றுவரை ஆசியப் போட்டிகளில் நமக்குக் கால்பந்துத் தங்கம் திரும்பக் கிடைக்கவில்லை. உலகப் பட்டியலில் ரஹீமின் பெயர் வராதது அந்தப் பட்டியல் போடுகிறவர்களின் குறை.

கேள்வி: கோச்சின் வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எந்த மேட்சைப் பார்க்கலாம்?

1989 ஏப்ரல், சான் சிரோ மைதானம், சாக்கியின் மிலான் 5 ரியல் மாட்ரிட் 0. முதல் கோல் அடிப்பவர் யாரென்று பாருங்கள், அப்போது மிலானுக்கு ஆடிக்கொண்டிருந்த நம் அன்செலோட்டிதான். அப்புறம் இன்னொரு முறை ஓடவிட்டு, பந்தைப் பார்க்காமல் மிலான் டிஃபெண்டர் பரேசியையும் அவர் பக்கத்தில் நிற்கும் மூன்று டிஃபெண்டர்களையும் மட்டும் பாருங்கள். அவர் ஓரடி முன்னே வைத்தால் மற்ற மூவரும் எப்போது வைக்கிறார்கள் என்று கவனியுங்கள்.